இல்லன்னு சொல்லல

நாற்பதாயிரம் கேட்டேன்.
மேலப்பாளையத்தில் அவன் மாவு மில்லில்
பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.
அன்று காலைதான் சீட்டு எடுத்திருந்தான், எனக்குத் தெரியும்.
வற்றல் சாக்குக்குப் பின்னால்
பிஸ்கட் டின்னில் பணம் இருப்பதும் தெரியும்.
"இல்லன்னு சொல்லல கொம்பையா. இருக்கு.
தரமாட்டேன்."

மற்ற எல்லாரும் தந்தார்கள்.
தெற்கு பஜாரில் மூன்று வட்டி, ஜங்ஷனில் ஐந்து,
மைத்துனன் வட்டியில்லாமல், ஆனால் ஊரெல்லாம் சொல்லி.
தந்தவர்களை நல்லவர்கள் என்று நினைத்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்குப் போனுக்குள் ரம்மி விரியும்,
முகம் தெரியாத ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்,
அவர்களையும்.

அப்போதுதான் மீரானிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன்.
அவனைச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.
அவன் ஆட்களைச் சொன்னேன்.
ஒரே பெஞ்சில் படித்த பன்னிரண்டு வருஷத்தில்
வாயில் வராத வார்த்தை;
எங்கே வைத்திருந்தேனோ, புத்தம் புதிதாக வந்து விழுந்தது.
அவன் மில்லை நிறுத்தினான்.
கோதுமை கொண்டுவந்த பெண்
எங்கள் இருவரையும் பார்க்காமல்
தன் தூக்குவாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ராத்திரி ஒன்பதுக்கு
பாளையில் என் ஜெராக்ஸ் கடை வாசலில் டி.வி.எஸ் சத்தம்.
இமையில் மாவு, காதோரம் மாவு.
பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்து கையை நீட்டினான்.
"போனைக் குடு."

ஷட்டர் இறக்கும்வரை அது அவன் சட்டைப் பையில்.
இறக்கிய பிறகும் வீட்டு நடைவரை கூடவே வந்து
உலகம்மை கையில் கொடுத்துவிட்டுத்தான் போவான்.
புத்தி சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.
அவன் பேசியதெல்லாம்
உளுந்து விலை, மில் கல்லைக் கொத்த ஆள் கிடைக்காதது,
மூத்தவளுக்குக் கணக்கு வராதது.
ஒரு நாள் கரண்ட் போய் இருட்டில் இருந்தோம்.
என் விரல் என் தொடையில்
இல்லாத சீட்டை இழுத்துக்கொண்டிருந்தது.
இருட்டில் எப்படித்தான் பார்த்தானோ.
"சால்னா ஆறிரும்லே, வா."

எத்தனை நாள் என்று எண்ணவில்லை.
ஆடிக் காற்றில் தொடங்கியது, நோன்பும் வந்தது.
தராவீஹ் முடித்துப் பத்தரைக்கு வந்தான்,
வண்டிக் கொக்கியில் கஞ்சித் தூக்கு ஆட.

கடன் நோட்டில் ஒவ்வொரு பெயராக அடிக்க
மூன்று வருஷம் ஆயிற்று.
கடைசிப் பெயரை அடித்த அன்று
கொக்கிரகுளம் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி
அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன்.
கீழே தண்ணீர் குறைவு. மேலே பஸ் இரைச்சல்.
"என்னது? கேக்கல" என்றான்.
மறுபடி சொன்னேன்.
"கேக்கலடே."
மூன்றாம் தடவைக்கு விடாமல் வண்டியை எடுத்தான்.

கேட்டிருந்தது.
அந்த வார்த்தை அவனிடம் எங்கோ இருக்கிறது,
ஏதோ ஒரு சாக்குக்குப் பின்னால், டின்னுக்குள்.
இல்லையென்று அவன் சொல்லவில்லை.
எடுத்து என் கையில் தரவும் மாட்டான்.

இப்போதும் ஒன்பதானால்
என் கை தானாகப் போனை நீட்டுகிறது.
"வச்சுக்கோ" என்கிறான்.
சில நாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு,
வாங்கிக்கொள்கிறான்.