கதவு மூடத் தாமதம்

மாங்குளத்தில் மழை பிடித்தது.
பெற்றோல் நிலையக் கூரையடியில்
போனைத் துடைத்துப் பார்க்கிறேன்:
முல்லைத்தீவு, நான்கு மாடி, லிப்ட் ஒன்று.
பழுதுக்குறி இருபத்தேழு. கதவு மூடத் தாமதம்.
மூன்றாம் தளம், காலை ஐந்து நாற்பது.
பதினாறு நாளாக, ஒவ்வொரு நாளும்
ஒன்பது நிமிடம்.

முந்தியென்றால் யாராவது உள்ளே மாட்டுப்பட்டுக்
குழறின பிறகுதான் எனக்கு அழைப்பு வரும்.
சாவியும் கிறீஸ் டப்பாவுமாய் ஓடுவேன்.
கதவைப் பிளந்து இறக்கிவிட்ட ஒரு டொக்டர்
பிடித்த என் கையைக் கொஞ்சநேரம் விடவில்லை.
இப்போது பெட்டியின் தலையில் இன்னொரு பெட்டி,
சோற்றுப்பார்சல் அளவு.
கதவு திறப்பதை எண்ணும்,
கயிற்றின் நடுக்கத்தைக் கேட்கும்,
ஏறியவரின் பாரத்தைக் கிலோவில் எழுதிக்
கடல் கடந்து அனுப்பும்.
உருளை தேய இன்னும் பதினொரு நாள் என்று
அங்கிருந்து சொல்வார்கள்.
பத்தாம் நாள் போய் மாற்றுவேன்.
"நல்லாத்தானே ஓடுது, என்னத்துக்கு வந்தனீர்?"
நடக்காமல் போன ஒன்றுக்கு
யார் நன்றி சொல்வது.

கொழும்புப் பயிற்சியில் திரையைக் காட்டிச் சொன்னார்கள்,
கொம்பனி இனி லிப்ட் விற்பதில்லையாம்.
நில்லாமையை விற்கிறதாம்.
மாதக் கட்டணம்.
தேநீர் நேரம் ஒருவன் கேட்டான்,
வன்னியில் லிப்டா, பனை ஏறவா?
சிரித்தேன். அவன் கேட்டதிலும் பிழையில்லை.
வவுனியா தாண்டினால் என் பொறுப்பில் பதினொன்று.
படுத்தே கிடக்கிற நிலம் இது.
உயரமென்றால் குளக்கட்டு,
தண்ணீர்த்தாங்கி,
பிறகு காவற்கோபுரம்.

முள்ளியவளையில் சிநேகிதன் கடையில் படுத்து
ஐந்து மணிக்கே போய்
மூன்றாம் தளத்து இருட்டில் நின்றேன்.
கதவு திறந்தது.
ஐம்பத்தொரு கிலோ:
அருந்தவமலர், துப்புரவுப் பகுதி,
நீல வாளி, மொப்.
வாளியைக் கதவுக்கு நடுவே வைத்தா.
கதவு வந்து முட்டித் திரும்பியது.
மறுபடி முட்டியது.
அவ ஜன்னலுக்குப் போனா.

என்னைக் கண்டதும் வாளிக்குத்தான் ஓடினா.
"எழுதிப் போடாதையுங்கோ தம்பி.
விட்டா அது கீழை போயிடும்.
இந்த முழங்காலோடை எனக்குப் படி இறங்கேலாது."

பிறகு காட்டினா.
களப்புக்கு அங்காலை, கம்பிவேலிக்குள்
ஆறு தென்னை, ஒரு புளி.
கிணற்றுக்கட்டும் தெரியுமாம்,
எனக்குத் தெரியவில்லை.
"கீழை நிண்டு பாத்தா வேலிதான்.
ஞாயிற்றுக்கிழமையிலை ஆரோ தேங்காய் பிடுங்குகினம்.
கடைசி மரத்துக்கு வண்டு அடிச்சிட்டுது,
அவையளுக்கு மருந்து வைக்கத் தெரியேல்லை."

வேலை முடித்ததாய்ப் பதியக் காரணம் கேட்டது போன்.
தூசி. தேய்மானம். எலி.
மின்தடை. பாவனையாளர் பிழை.
'வேறு' என்றால் படம் வேண்டும்.
தூசி என்றேன்.
மூன்றாம் தளத்துக்கு மட்டும்
பொறுக்கும் நேரத்தைப் பத்து நிமிடமாக்கினேன்.

மூன்று கிழமையில் அது பழகிவிட்டது.
ஆட்கள் வரும் நேரத்தைப் படித்துப் படித்து
ஐந்து முப்பத்தெட்டுக்கே
யாரும் அழுத்தாமல் கீழ்த்தளத்துக்கு இறங்கி
கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறது.
கொம்பனிக்கு இது பெரிய சாதனை.
எனக்கும் ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது.

முந்தநாள் பாரம் பூச்சியம்.
நேற்றும். இன்றும்.
ஒப்பந்தம் முடிந்ததோ, முழங்காலோ,
வேலியைத்தான் பிரித்துவிட்டார்களோ.
ஆளில்லாமல் கதவு திறந்து நிற்பது
எந்தக் குறியிலும் பழுதில்லை.
பதினொரு லிப்டும் திரையில் பச்சை.

மாங்குளம் சந்தி.
பழுதில்லாத இடத்துக்குப் போக
எண்ணெய்க் காசு தரமாட்டார்கள்.
பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
நான் இன்னும் திரும்பவில்லை,
வலது சிக்னல் மட்டும்
மின்னிக்கொண்டிருக்கிறது.