நாற்பத்தோராம் நாள்

பேர்ணாம்பட்டு நாலு ரோட்டில் கூட்டம்.
கொடி புதுசு. மைக்செட்காரர் அதே ஆள்.
அண்ணன் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறான்:
"எங்க நைனா ஒரு தோல் ஷாப்புத் தொழிலாளி..."

அடுத்த வரி கட்சியைப் பொறுத்தது.

சிவப்புத் துண்டு போட்ட காலத்தில்
நைனா நாற்பது நாள் ஸ்டிரைக்கில்
களிக்கும் வழியில்லாமல் கேட்டை மறித்து நின்றார்.
இரண்டாவது கட்சிக்கு வந்ததும்
அவர் கையில் ஒரு புத்தகம் முளைத்தது.
நைனா கைநாட்டு.
அந்தக் கட்டைவிரலிலும் ரேகை கிடையாது,
சுண்ணாம்புக் குழி தின்றுவிட்டிருந்தது.
ரேஷன் கடைக்காரர் மையைத் தடவித் தடவி
அலுத்துப் போவார்.
மூன்றாவதில் நைனா காவடி எடுத்தார்.
இப்போது நாலாவதில்
முதலாளி மனம் கோணாமல்
ஒருநாள் லீவு போடாத உழைப்பாளி.

பொய் என்று சொல்ல மாட்டேன்.
கேட்டில் நின்றது நிஜம்.
காவடியும் நிஜம், நான் பிழைத்ததற்கு.

நாற்பத்தோராம் நாள்
எனக்கு டைபாய்டு, பதினெட்டாம் நாள்.
வேலூருக்குக் கொண்டுபோ, இங்கே வைக்காதே
என்றுவிட்டார் கம்பவுண்டர்.
விடியுமுன் நைனா அண்ணனை எழுப்பி
மலட்டாற்று மணலோடு நடந்து
ஷாப்பின் பின்பக்கம் போனார்.
கழிவுத்தண்ணி வெளியேறும் பொந்து.
ஆள் வந்தால் விசிலடி என்று சொல்லிவிட்டு
குனிந்து நுழைந்தார்.

அண்ணனுக்கு ஒன்பது வயசு.
முன்கேட்டில் சம்பங்கி மாமா
கொடிக்கம்பில் சாய்ந்து தூங்குவது
அங்கிருந்தே தெரிந்ததாம்.
அவர் மகள் அண்ணனோடு ஒரே பெஞ்சு.

அட்வான்ஸ் நூற்றைம்பது ரூபாய்.
நைனாவின் முழங்கால்வரை நீலம்.
மறுவாரம் குழாயடியில்
எங்கள் குடத்தை யாரோ வரிசையிலிருந்து
எடுத்து ஓரமாய் வைத்திருந்தார்கள்.
அம்மா கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு
ஆற்று ஊற்றுக்கு நடந்தாள்.
அண்ணன் பின்னாலேயே போனான்,
கையில் சும்மாடுத் துணியோடு.

இதை அவன் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

கட்சி மாறுவதற்கு முந்தின ராத்திரி
என் வீட்டுக்கு வருவான்.
காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு
தோட்டத்துக் கதவைத் தட்டுவான்.
உடம்பு எப்படி இருக்கு என்பான்.
நாலு தடவையும் அதே கேள்வி.

போன செவ்வாய்க்கிழமை சொன்னேன்:
"ஜுரம் எனக்கு எப்பவோ விட்டுப்போச்சுண்ணா."

டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
பிறகு, டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்றான்.