தொடுவானம் எங்கே என்று கேட்டார்கள்

சியாத்துராவில் எங்கள் வீடு மலைக்கு மேலே,
ரொட்டிக் கடை கீழே,
பள்ளிக்கூடம் எதிர்மலையில்.
நடுவில் ஒரு கம்பி. கம்பியில் ஒரு தகரப் பெட்டி.
ஓட்டுவது அம்மா.
ஓட்டுவது என்றால் இரண்டு பொத்தான், ஒரு மணி,
குடித்துவிட்டு ஏறுபவனை இறங்கவைக்கும் ஒரு குரல்.

எலிசோவுக்கு ஏழு வயது, எனக்கு நாலு.
பனிக்காலத்தில் எங்கள் மூச்சு கண்ணாடியில் படியும்.
அதில் விரலால் கோழி வரைவாள்.
அக்கரை சேர்வதற்குள் கோழி
கால்வழியாக ஒழுகிப் போய்விடும்.
நான்தான் அழுவேன்.
"விடு ஜூம்பர், திரும்பும்போது வேற கோழி."

கீழே க்விரிலா ஆறு கறுப்பாக ஓடும்,
மாங்கனீசு கழுவிய தண்ணீர்.
கரைச் சேற்றைக் காலுறையில் அள்ளி வந்து
சூரியகாந்தி எண்ணெயில் குழைத்துச்
சுவரில் இழுத்தாள் ஒருநாள்.
சுரங்கத்திலிருந்து வந்த அப்பா
அரைச் சோப்பைத் தேய்த்துக் கழுத்திலிருந்து இறக்கிய அதே கறுப்பு
எதிர்ச்சுவரில் குதிரையாக நின்றது.
அடிக்கக் கை ஓங்கினார். ஈரக் கை.
பிறகு குதிரைக்கு வால் எங்கே என்று கேட்டார்.

திபிலீசியில் அகாடமி நுழைவுத் தேர்வு.
அவள் தாளின் மேல் சிவப்புப் பென்சில்:
தொடுவானம் எங்கே?
படத்தில் கூரைகள் இருந்தன, தொப்பிகள்,
ஒரு நாயின் முதுகு, கல்லறைமேல் வைத்த சிவப்பு முட்டை.
எல்லாம் மேலிருந்து பார்த்தவை.
வானம் எங்கும் மண்ணைத் தொடவில்லை.
எங்கள் ஊரில் எங்கே தொட்டது?
இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பாறை,
பானைமேல் கவிழ்த்த தட்டுப்போல ஒரு வானம்.

இரண்டு முறை தோற்றாள்.
மூன்றாம் முறை அடிமட்டம் வைத்து
ஒரு கோடு கிழித்தாள்.
சேர்த்துக்கொண்டார்கள்.
அந்தக் கோட்டோடு நாலு வருடம் குடித்தனம்.

அப்புறம் வயிற்றுப்பாடு.
கறுப்புப் பசால்ட்டில் செத்தவர்களின் முகம் பொறித்தாள்.
முகத்துக்குப் பதினைந்து லாரி.
மீசைக்குத் தனியாக வாங்கியிருக்கணும் என்பாள் இப்போதும்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில், கையுறையின் நுனிவிரலை வெட்டிவிட்டு
ஒரே வாரத்தில் ஏழு ஷோத்தாக்கள்.

ஈஸ்டருக்கு ஊர் வந்தாள்.
பாதிக் கம்பியில் மின்சாரம் போனது.
நாலு மணிநேரம் தொங்கினோம்:
பதினோரு பேர், ஒரு பன்றிக்குட்டி, பொத்தான்மேல் கையோடு அம்மா.
அத்தனை மூச்சில் கண்ணாடி பால்போல் வெளுத்தது.
எலிசோ விரல் வைத்தாள்.
வரைந்த கோட்டின் வழியே ஊர் தெரிந்தது,
காலுக்குக் கீழே, செங்குத்தாக.
பன்றிக்குட்டியின் சொந்தக்காரர் பயத்தில் மூத்திரம் விட்டார்.
அவள் அதையும் வரைந்தாள்,
ஆனால் யாரென்று தெரியாதபடி.

திபிலீசிக்குத் திரும்பியதும்
அடிமட்டத்தை அடுப்பில் போட்டாள்.
பிளாஸ்டிக். இரண்டு நாள் அறை நாறியது.

பிறகு வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்,
தெரியாவிட்டாலும் குடி முழுகாது.
ரோட்டர்டாமில் கண்காட்சி. அட்டவணைப் புத்தகத்தில் ஒருவர்
தொடுவானத்தை மறுப்பதன் வழியே
அதிகாரத்தின் பார்வையை அவள் மறுக்கிறாள் என்று எழுதியிருந்தார்.
தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள்.
சிரித்ததில் எனக்கு விக்கல்.
ஆனால் வைத்த பிறகு யோசித்தேன்,
ஒருவேளை மறுத்திருக்கலாம்.
நான் பார்த்ததெல்லாம் கோழிதானே.

அவள் படங்களுக்குப் பெட்டி அடிப்பது என் தொழில்.
பைன் பலகை, திருகாணி, நாலு மூலையிலும் நுரை.
வெளியே அம்புக்குறி போடணும்: இந்தப் பக்கம் மேலே.
போன வருடம் ஒன்றைத் தலைகீழாக மாட்டினார்கள்.
அவள் சொல்லவில்லை. விற்றுவிட்டது.

இன்று தூரிகையில் சாயம் நனைத்துக் கேட்டேன்:
"எது மேல்பக்கம்?"
தேநீர்க் கோப்பையோடு பெட்டியைச் சுற்றி வந்தாள்.
"நீ எங்கே கை கொடுத்துத் தூக்குறியோ
அது கீழ்."

குனிந்து தூக்கினேன்.
நல்ல கனம்.