பீப்பாயில் இருப்பது

பஞ்சிகாவத்தையில் வாங்கிய நீலப் பீப்பாய்.
முன்பு அதற்குள் என்ன இருந்ததென்று
விற்றவனுக்கும் தெரியாது.
மூன்று தரம் சவர்க்காரம்,
ஒரு தரம் தேசிக்காய்த் தோல், இரண்டு நாள் வெயில்.
அதற்குப் பிறகுதான் மூக்கை உள்ளே விட்டேன்.

பேலியகொடை மார்க்கட்டில் விடிய மூன்று மணிக்கு
லொறிக்காரர் உரித்துப் போடும் கோவாவின் மேலிலை,
லீக்ஸின் தாடி, பீட்ரூட்டின் தலைமயிர்.
மரியநேசன் சாக்கில் மிதித்து அமத்தி வைத்திருப்பான்.
"அக்கா, குப்பை லொறிக்கெண்டா சும்மா.
உங்களுக்கெண்டா இருநூறு."
கொடுத்தேன்.

களனி பெருகி வடிந்த பிறகு
வெல்லம்பிட்டியில் என் பாத்தி
சீமெந்துத் தரை மாதிரி வெடித்துக் கிடந்தது.
யூரியா மூட்டையின் விலையைக் கேட்டேன்,
இன்னொரு தரம் கேட்டேன்,
கடைக்காரர் நீட்டிய தேத்தண்ணியைக் குடிக்காமல் திரும்பினேன்.
கங்குன் முளைத்தது, மஞ்சளாய்,
காய்ச்சல்காரரின் கண் மாதிரி.

கொலன்னாவைக் கால்வாயில் ஆகாயத்தாமரை
யாருக்கும் வேண்டாமல் மிதக்கிறது.
அரை நாள் வாட விட்டு, வேரை நறுக்கி எறிந்து,
தண்டை விரல்நீளத்துக்கு வெட்டினேன்.
வேலியில் கிளிரிசிடியா.
தவிடு இரண்டு சுண்டு.
கித்துள் பாணி கட்டுபடியாகாது;
பேக்கரியில் கரிந்துபோன சீனிப்பாகு போதும்.
இலை, தவிடு, பாகு,
இலை, தவிடு, பாகு,
ஒவ்வொரு படையையும் முழங்கையால் குத்தி
காற்றை வெளியே துரத்தி
மேலே தட்டு, தட்டுக்கு மேல்
உடைந்த அம்மி.

காற்று புகுந்தால் அழுகும்.
புகாவிட்டால் புளிக்கும்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு மூடிதான்.

ஐந்தாம் இரவு மூடி பொங்கி 'டப்' என்றது.
பக்கத்து வீட்டு நிஹாரா விளக்கைப் போட்டாள்.
ஏழாம் நாள் கயிற்றில் காயப்போட்ட உடுப்பை
மூக்கைச் சுளித்தபடி எடுத்துக்கொண்டு போனாள்.
பத்தாம் நாள்
டெங்குக்காரர் வந்தார், கையில் டோர்ச், கக்கத்தில் கொப்பி,
பின்னால் ஒரு பொலிஸ்காரர்.

பூச்சாடித் தட்டைக் கவிழ்த்தார்,
சிரட்டையை உதைத்தார்,
பீப்பாயடியில் நின்று மூச்சை இழுத்தார்.
"கசிப்பா?"
"நே மாத்தயா. பொஹொர."
பொலிஸ்காரர் சிரித்தார்.
எத்தனை பேர் அவரிடம் இப்படிச் சொல்லியிருப்பார்கள்,
வினாகிரி என்றும், கோழித்தீனி என்றும்!

அம்மியைத் தூக்க இரண்டு பேரும் வேண்டியிருந்தது.
உள்ளே பஞ்சு விரித்தது போல் வெள்ளைப் பூஞ்சணம்.
எனக்குத்தான் நெஞ்சு குளிர்ந்தது.
கறுப்பாய் இருந்திருந்தால்
பத்து நாளும் இருநூறும் போயிருக்கும்.
டெங்குக்காரர் குனிந்தார்.
விரலால் ஒரு கோவா நரம்பைத் தொட்டு
மூக்கடிக்குக் கொண்டுபோனார்.
"லுணுதெஹி" என்றார், மெல்ல,
வாயூறியதை மறைக்கத் தெரியாமல்.

கொப்பியில் இதற்கொரு கட்டமில்லை.
கிணறு, தொட்டி, டயர், பீலி.
நெடுநேரம் பேனையைத் தட்டினார்.
கடைசியில் எழுதினார்:
தவநாயகி. பீப்பாய் ஒன்று.
தண்ணீர் இல்லை. புழு இல்லை. மணம் உண்டு.

இருபத்தோராம் நாள் குழிவெட்டிப் புதைத்தேன்.
புளிப்பு அடங்க இன்னும் இரண்டு கிழமை.
அதுவரை விதை ஊன்றக் கூடாது;
வேர் வெந்துவிடும்.
குழாயில் வடிந்த சாற்றை
வாளிக்கு ஒரு மூடி கலந்து
பழைய கங்குனுக்கு ஊற்றினேன்.
இன்னும் மஞ்சள்தான். பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் நேற்று நட்ட குச்சி
தட்டாமலே ஒரு சாண் இறங்கியது.

நிஹாரா இன்னும் பேசுவதில்லை.
வாசலில் மட்டும் ஒரு பை நிறைய வாழைப்பழத்தோல்,
முடிச்சுப் போட்டபடி.
அவள்தானா, தெரியாது.

இன்றைக்குப் புறக்கோட்டை பஸ்ஸில் நல்ல சனம்.
மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன்.
பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார்,
கையைப் பார்த்தார்,
எழுந்து முன்னுக்குப் போனார்.
இடம் கிடைத்தது.
இருந்தேன்.