பதினேழின் பேரேடு

நான்காம் குறுக்குத் தெருவில்
செத்தல் மிளகாய்க் கடைக்குக் கணக்கெழுதுகிறேன்.
தும்மாமல் எண்களைக் கூட்டப் பழக
எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.
பெறுபவரை வரவு வை,
கொடுப்பவரைச் செலவு வை:
மனப்பாடமாய் எனக்குத் தெரிந்த ஒரே வேதம்.

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில், மழை நாளொன்றில்,
மட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று
பதினேழாம் இலக்கத்துக்கு ஒரு புள்ளடி போட்டேன்.
அன்றிரவே
கடையில் மிஞ்சிய பேரேடொன்றில்
அவருக்கு ஒரு பக்கம் திறந்தேன்.
இடப்பக்கம் முதல் வரி: வாக்கு, ஒன்று.
பெற்றவர் அவர்.
வலப்பக்கம்
நாலு மாதம் வெறுமையாய்க் கிடந்தது.

பிறகு ஹன்சார்ட் படிக்கப் பழகினேன்,
போனில், மதியச் சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில்.
மூன்று மொழியும் ஒன்றையொன்று இடிக்கும் பக்கங்கள்.
சிங்களம் வருமிடத்தில் நஸ்மியாவிடம் நீட்டுவேன்;
அவள் விரலில் மஞ்சள், பிறகு திரையிலும் மஞ்சள்.
“ஒங்கட ஆள் இன்டைக்கும் வரல்லயா?”

அமர்வுகள் எழுபத்தொன்று.
வந்தது நாற்பத்து நாலு.
பேசியது பதினொரு தடவை, அதில் ஐந்து
அனுதாபப் பிரேரணை.
செத்தவர்களுக்கென்று
நல்ல தமிழ் வைத்திருக்கிறார்.

தகவல் அறியும் உரிமைப் படிவத்தை
மூன்று தரம் நிரப்பினேன்.
முதலாவது தொலைந்தது.
இரண்டாவது ‘கோரிக்கை தெளிவில்லை’ என்று திரும்பியது.
மூன்றாவதுக்கு தில்ருக்ஷி என்றொரு உத்தியோகத்தர்
எரிபொருள் கணக்கை மட்டும் அனுப்பினார்.
கையொப்பம் அழகாயிருந்தது.

அவர் வீட்டிலிருந்து தியவன்னா ஓயாவுக்குப்
பதின்மூன்று கிலோமீற்றர்.
பெற்ற பெற்றோலில்
அந்த நாற்பத்து நாலு நாளும் போய்த் திரும்பி,
மிச்சத்தில் தீவைக் கரையோரமாய்
நாலு தடவை சுற்றி வரலாம்.
நான் சுற்றிப் பார்த்தேன், கல்குலேட்டரில்.
மன்னாரில் கொஞ்சம் நின்று கருவாடும் வாங்கினேன்.

மிஹ்ளார் முதலாளி கண்டுவிட்டார்.
“மகள், இத யாருக்குக் காட்டப் போற?”
“ஒருத்தருக்குமில்லை.”
“அப்ப என்னத்துக்கு?”
“மூன்று ரூபா குறைந்தாலும் என்னை நீங்கள்
ராத்திரி எட்டு மணி வரைக்கும் வைத்திருக்கிறீர்களே.”
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சிரிக்கவுமில்லை.

இனி, நான் விட்ட பிழை.

கால்வாய்க் கரை வீடுகளை அகற்றும் சட்டமூலம்,
மூன்றாம் வாசிப்பு, இரவு ஒன்பதே முக்கால்.
‘சமுகமளிக்கவில்லை’ என்று சிவப்பில் எழுதியிருந்தேன்.
அழுத்தி எழுதியிருந்தேன்,
எனக்கே தெரிந்த ஒரு சந்தோஷத்தோடு.
ஆறு மாதம் கழித்துத் திருத்திய பதிப்பு வந்தது.
மனுஷன் போயிருக்கிறார்.
தன் கட்சி முழுக்க ஆமென்று சொல்ல
தனியாக இருந்து இல்லை என்று சொல்லியிருக்கிறார்.
எந்தப் பேப்பரிலும் அது இல்லை.
அவரும் எங்கேயும் சொல்லிக்கொண்டதாய்த் தெரியவில்லை.

கணக்கில் சுரண்டக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது.
ஒற்றைக் கோடு, மேலே சரியானது,
பக்கத்தில் என் முதலெழுத்து.
கடன்காரனுக்கும் பேரேட்டில் ஒரு மானம் உண்டு.
கை கூசியது.
வலப்பக்கம் எழுதினேன்:
‘இல்லை’, ஒன்று.

ஒரு வாக்குக்கு ஒரு ‘இல்லை’ ஈடாகுமா?
ஆகுமென்றால்
தீவை நாலு தரம் சுற்றியதை எங்கே பதிவது?
“சமன் பண்ணிட்டு மூடுங்களேன்,” என்கிறாள் நஸ்மியா.
ஆண்டிறுதி இருப்பெடுப்பில் அவளுக்கு அலுப்பு.

போன கிழமை ஆமர் வீதி நெடுகச்
சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள், பசை காயவில்லை.
அதே சிரிப்பு.
இலக்கம் மட்டும் புதிது: ஆறு.

புதுப் பக்கம் எடுத்துத் தலைப்பில் ஆறு என்று போட்டேன்.
முதல் வரியில், மீதி கீ.கொ.வ.
தொகைக்கு முன்னால் பேனையை வைத்துவிட்டு
யன்னலைச் சாத்தப் போனேன்.
கீழே மிளகாய் லொறி வந்திருந்தது.