மூன்றாம் பலகை

பம்பலப்பிட்டிப் பாடசாலை மண்டபம்.
மின்விசிறி சுற்றுகிறது, காற்றில்லை.
எதிரே கண்டிப் பெடியன், தினுக.

ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம்.
அவனும்.
குதிரை, குதிரை, மந்திரி, மந்திரி:
மட்டக்குளி பஸ்ஸில் நின்றபடி
ரக்‌ஷனா ஒப்புவிக்கச் சொன்ன அதே வரிசை.
ஒன்பது நகர்த்தலுக்கு ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை.
அவனுக்கும் ஒரு பஸ் இருந்திருக்கும்.

பத்தாவதில் ஓரச் சிப்பாயை
ஒரேயொரு கட்டம் தள்ளினான்.
எங்கள் கொப்பியில் இது இல்லை.

தன் ஆட்டத்தைத் தோற்றுவிட்டு
ரக்‌ஷனா பின்னால் வந்து நிற்கிறாள்.
பேசக்கூடாது.
பேசாமல் நிற்பது அதைவிடச் சத்தம்.
அவர்களுக்கு இரண்டு, எங்களுக்கு ஒன்று,
மிச்சம் நான்.

நிமிர்ந்தால், தினுக நகம் கடிக்கிறான்.
அவன் கொப்பியும் முடிந்திருக்கவேண்டும்.

யோசிக்க முதல்
கை போய்க் குதிரையைத் தொட்டுவிட்டது.
தொட்டதைத்தான் நகர்த்தவேண்டும்.

எங்கே?