ஒன்பதாவது நிபந்தனை

வீடு காட்டுவது என் வேலை.
மனாமாவில், குதைபியாப் பக்கம்
நான் மூச்சு வாங்காத படிக்கட்டில்லை.
'நல்ல காற்றோட்டம்' என்பேன்;
ஜன்னலைத் திறந்தால்
எதிர்வீட்டு ஏசி முகத்தில் மூச்சுவிடும்.
'கடல் பக்கம்தான்' என்பேன்;
மொட்டைமாடியில் எக்கி நின்றால்
இரண்டு கிரேன்களுக்கு நடுவே
நீலமாய் ஒரு நகக்கீறல்.
யாரும் திரும்பி வந்து திட்டியதில்லை.
திட்ட அவர்களுக்கு ஏது நேரம்.

இப்போது ஒருவர் வந்திருக்கிறார்.
எடை நூற்றிருபது கிராம்.
பெயர் சுண்டல்.
வைத்தவள் ரெனிஷா, நாலாம் வகுப்பு.

கடைக்காரர் என் தொழிலையே செய்தார்:
மூன்று மாடி, ஏணி, சறுக்கு,
ரோஸ் கலர் கம்பி,
ஆறு தினார் ஐந்நூறு ஃபில்ஸ்.
வாங்கிவிட்டேன்.
இத்தனை பேருக்குக் காட்டியவள்
எனக்கு ஒருவர் காட்டியதும் தலையாட்டினேன்.

முதல் இரவே புகார்.
கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தது, விடியும்வரை.
மறுநாள் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தது.
சின்னச் சக்கரம்; ஓட ஓட
முதுகு பின்னால் வளைந்தது, வாழைப்பூ மடல்போல.

'இதுக்கு மாடி வேணாம்மா' என்றாள் ரெனிஷா,
நூலகப் புத்தகத்தில் விரலை வைத்தபடி.
'தரைதான் வேணும்.
நான் ரெண்டு கையையும் விரிச்சா எவ்வளவோ
அவ்வளவு நீளம்.
தோண்ட ஒரு சாண் ஆழம்.'

கடல் பக்கமா என்று கேட்காத
முதல் வாடிக்கையாளர்.

மில்ட்டன் கப்பல் பட்டறைக்காரர்.
கம்பளி போட்டுவைக்கும் பிளாஸ்டிக் பெட்டி இரண்டை
எதிரெதிர்ச் சுவர் வெட்டி ஒன்றாக்கினார்.
மூடியில் வலை.
முதுகு வளையாத பெரிய சக்கரம்.
வீடெங்கும் இரண்டு நாள் கருகிய வாசம்.

இடம்தான் இல்லை.
ஜன்னலோரம்? ஜூலை வெயில் தோசை சுடும்.
ஏசிக்கு நேர் கீழே? விறைத்துவிடும்.
அடுப்படியில் தாளிப்புப் புகை,
வாஷிங் மெஷின் பக்கம் நடுக்கம்.
டேப் வைத்து அளந்து அளந்து
மிஞ்சியது ஒரே மூலை.
அங்கே பெரிய பெட்டி நின்றிருந்தது.

பதினோரு வருடமாய் நிற்கிறது,
பாதி நிரம்பி.
வேலை போனால், விசா போனால்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

திறந்தோம்.
புதுத் துண்டுகள் மடிப்பிலேயே மஞ்சளாகியிருந்தன.
ரெனிஷாவுக்கு எப்போதோ எடுத்த
இரண்டு வயதுக் கவுன், விலைச்சீட்டோடு.
மில்ட்டன் எதுவும் சொல்லவில்லை.
ஒரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
குளிக்கப் போனார்.

தேவதாருத் தூள் அதன் நெஞ்சுக்கு ஆகாதாம்.
பஞ்சு காலில் சுற்றுமாம்.
காகிதம் நல்லது.
எங்கள் அலுவலகத்தில் காலாவதியான ஒப்பந்தங்களை
இயந்திரம் நாளெல்லாம் சேமியாவாக்கும்.
இரண்டு மூட்டை சுமந்து வந்தேன்.
முத்திரை மை பட்ட இழைகளை மட்டும்
மூவரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம்,
கீரை ஆய்வதுபோல.
யார் யாரோ கிளம்பிப்போன பெயர்கள்
விரலில் ஒட்டின.

இறக்கிவிட்டோம்.
மூலையை முகர்ந்தது. தோண்டியது. போய்விட்டது.
இரண்டு நாள் ஆளையே காணோம்.
'நம்மளப் பிடிக்கலையா அதுக்கு?'
'வீடு பிடிச்சிருக்கு' என்றேன்.
சொன்னபின்
அது பொய்யா என்று ஒருமுறை சரிபார்த்தேன்.
தொழில் பழக்கம்.

மூன்றாம் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துப் பார்த்தால்
மேலே வந்து ஓர் இழையை இழுத்துக்கொண்டிருந்தது.
நான் அடித்து அடித்து விரல் மரத்த வரி,
இந்த வீட்டு ஒப்பந்தத்திலும் உண்டு:
ஒன்பது. வளர்ப்புப் பிராணிகளுக்கு
என்பது வரை வெளியே தெரிந்தது.
மீதி கன்னத்துக்குள் போயிருந்தது.

என்னை ஒரு பார்வை.
பிறகு அதையும் திணித்துக்கொண்டு
கன்னம் இரண்டும் புடைக்கக்
கீழே இறங்கியது,
படுக்கை போட.